மஞ்சள் கறுக்கும் கண்ணாடி

செய்தி வந்த நேரம் பொழுது நன்றாக விடிந்துவிட்டது. காலைப் புகையிரதம் கொக்குவிலில் ஊதிவிட்டுப் போன சத்தம் இணுவில் வரைக்கும் கேட்டது. ஆஸ்பத்திரியில் இரவு முழுவதும் விழித்திருந்த தியாகலிங்கத்தை, குளித்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்படி மாமனார்தான் அனுப்பியிருந்தார். கிணற்றடியில் அவன் அவசர அவசரமாகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது படலை திறந்தது. வந்தவர் அதே மாமனார், அருளம்பலம். சால்வை தோளில் இல்லை. கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"ஆறுதலாக் குளியும் தம்பி," என்றார். "இனி அவசரமில்லை."

மனைவி மகாதேவிக்குக் கொஞ்சம் சுகமாக்கும் என்று தியாகலிங்கம் நினைத்தான். இன்னொரு வாளி அள்ளக் கயிற்றை விட்டபோதுதான், மாமனார் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து சால்வையால் வாயைப் பொத்துவதைக் கண்டான்.

மகாதேவியைப் பற்றிச் சொல்வதானால் அந்தக் கமராவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். இடமாற்றம் பெற்றுப் போன பறங்கி உத்தியோகத்தர் ஒருவரிடம் தியாகலிங்கம் அதை வாங்கினான். கமராவைத் தாங்கும் மூன்று கால், சிவப்பு விளக்கு, ஓர் ஆங்கிலப் புத்தகம் எல்லாம் கூடவே வந்தன. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவனுக்கு இது எதற்கு என்று ஊர் கேட்டது. புத்தகத்தை அவன் வாசித்துத் தமிழில் சொல்லுவான். மகாதேவி அதை அடுப்படிக் கணக்கில் விளங்கிக்கொள்ளுவாள். யன்னலைச் சாக்கால் மூடிவிட்டு, சிவப்பு வெளிச்சத்தில் மருந்துத் தண்ணீருக்குள், கமராவில் படம் பதிந்த கண்ணாடித் தட்டை மெல்ல மெல்ல ஆட்டி, படம் தெளிகிற கணத்தில் வெளியே எடுப்பது அவளுடைய வேலையாயிற்று. அவன் கையில் விட்டால் படம் ஒன்றில் சாம்பல், இல்லாவிட்டால் கரி.

அவன் எடுத்ததெல்லாம் மரமும் தோட்டமும் பறவையும்தான். அராலிக் கரையில் கொக்குகளுக்காகப் பகல் முழுக்கக் காத்திருப்பான். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் ஒரு மரமும் படத்தில் ஒழுங்காக விழவில்லை. கிளையெல்லாம் புகை மாதிரி வந்தது. அப்படியும் மரத்தை விடவில்லை.

"மரம் கோவிக்காது, மறுமொழியும் சொல்லாது," என்றாள் மகாதேவி. "அதுதான் உங்களுக்கு மரம்."

மனிதர்களைக் கமராவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவள் அவள். அயல் வீட்டுப் பெண்கள் ஒரு வெள்ளிக்கிழமை தலை தோய்ந்து, மஞ்சள் பூசி, நல்ல சேலை உடுத்து வந்து இருந்தார்கள். படம் கைக்கு வந்தபோது ஒருத்தியும் தன்னை ஒப்புக்கொள்ளவில்லை. எல்லா முகமும் கறுத்திருந்தது. சின்னாச்சி என்ற அயலட்டைக்காரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னை ஏன் பிள்ளை அடுப்புக்கை இருத்தி எடுத்தனீங்கள்?" என்று கேட்டாள்.

தியாகலிங்கம் புத்தகத்தைப் புரட்டினான். வெளிச்சம் போதாது என்று நினைத்தான், பிறகு வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்தான். மகாதேவி பழைய படங்களை எடுத்துப் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு யோசித்தாள். இணுவில் செம்மண் ஒவ்வொரு படத்திலும் கறுப்பாக விழுந்திருந்தது. நெற்றிக் குங்குமம் மைப்பொட்டாக இருந்தது. திருநீறு மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அடுத்த நாள் வெள்ளை நீறு பூத்த ஒரு நீற்றுப்பூசணிக்காயை எடுத்து, அதில் பாதிக்கு மஞ்சள் அரைத்துப் பூசி, வெயிலில் கதிரை போட்டு அதன்மேல் வைத்தாள். கமராவைத் தூக்கிவந்து அதை எடுக்கச் சொன்னாள். அந்த நேரம் பார்த்து மாமனார் வந்தார். ஊரில் ஆட்கள் தீர்ந்துபோனார்களா என்று கேட்டுவிட்டு, பூசணிக்காயிடம் சிரிக்கச் சொன்னார்.

படத்தில் பூசணிக்காயின் ஒரு பாதி வெள்ளையாகவும் மற்றப் பாதி இருட்டாகவும் இருந்தது. அந்தக் கண்ணாடித் தட்டுக்கு மஞ்சள் தெரியாது, மஞ்சளைக் கறுப்பாகவே எழுதும் என்று மகாதேவி கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு படமெடுக்க வருகிற பெண்களை அவள் முதலில் கிணற்றடிக்குத்தான் அனுப்பினாள். வெள்ளிக்கிழமையில் மஞ்சளைக் கழுவச் சொல்கிறாளே என்று சிலர் முகத்தை நீட்டினார்கள். ஆனாலும் கழுவினார்கள்.

எப்போதும் இருட்டறைக்குள் நின்ற மகாதேவிக்குத் தன் படம் என்று ஒன்று இல்லை. கலியாணத்தின்போதும் எடுக்கவில்லை. ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பின்வளவு வேம்பின் கீழே தியாகலிங்கம் அவளை இருத்தி ஒரு தட்டு எடுத்தான். அன்று பின்னேரம் அவளே அதைக் கழுவினாள். காய்ந்த தட்டிலிருந்து படம் போட்டுப் பார்த்தால், மகாதேவியின் முகம் கறுத்திருந்தது.

தியாகலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் சட்டம் போட்ட நீர், உம்மடை முகத்தைக் கழுவ மறந்துபோனீர்."

"இஞ்சாருங்கோ, நான் மஞ்சள் தொடேல்லை," என்றாள் அவள். முந்தானையைத் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தை அழுத்தித் துடைத்துக் காட்டினாள். துணி வெள்ளையாகவே இருந்தது. ஆனால் அது அடுத்த நாள். இடையில் எத்தனை தரம் முகம் கழுவியிருப்பாள் என்று சொல்லி அவன் இன்னும் சிரித்தான். அவள் தட்டைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆவணி முடிவதற்குள் அவளுடைய கண் மஞ்சளாயிற்று. மஞ்சட்காமாலைதான், செங்கமாரி என்றார்கள். கீழ்க்காய்நெல்லிச் சாறு கொடுத்தார்கள், பத்தியம் வைத்தார்கள், பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

செத்தவீடு முடிந்து ஆட்கள் கலைந்த பின் மாமனார் கல்வெட்டைப் பற்றிப் பேச்செடுத்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு, இறந்தவரின் பேரில் பாட்டெழுதி, கல்வெட்டு என்று சிறு புத்தகமாக அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். வசதியுள்ள வீடுகளில் முதற் பக்கத்தில் படமும் போடத் தொடங்கியிருந்தார்கள். தியாகலிங்கம் அவளுடைய ஒரே படத்தை எடுத்துக் கொடுத்தான். மாமனார் அதை வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இது என்ரை பிள்ளையே?" என்றார்.

பட்டணத்தில் படம் பிடிக்கிற கடைக்காரர் ஒருவர் அது பெரிய காரியமில்லை என்றார். தட்டின்மேல் மெருகு பூசி, கூர்ப் பென்சிலால் முகத்தில் சின்னச் சின்னப் புள்ளியாக வைத்துக்கொண்டு போனால், தட்டில் கறுப்பும் வெள்ளையும் மாறி இருப்பதால் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுக்கும். தியாகலிங்கத்துக்கு அதைச் செய்து காட்டி, பென்சிலையும் மெருகுப் போத்தலையும் கொடுத்துவிட்டார். பழுதான பழைய தட்டுகளில் பழகிப் பார்த்ததில் கை ஓரளவு வந்தது. மகாதேவியின் தட்டை எடுத்தபோது கை ஓடவில்லை.

மஞ்சள் பூசித்தான் முகம் கறுத்ததென்றால், அதைத் துடைத்துவிடுவதில் ஒரு பிழையும் இல்லை. அவளே எல்லாருக்கும் செய்த வேலைதான் அது. ஆனால் அவள் சொன்னதுபோல மஞ்சள் பூசவே இல்லையென்றால்? மனிதக் கண்ணுக்குத் தெரிய முந்தியே அந்த வருத்தம் தோலில் ஏறி, தட்டில் விழுந்திருந்தால்? அப்படியானால் கண்ணாடி தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைச் சொல்லியிருக்கிறது. அவன் சிரித்திருக்கிறான். இரண்டும் இல்லை, தட்டை மருந்திலிருந்து எடுக்கிற பதம் அவளுக்கே பிழைத்துவிட்டது என்றும் வைக்கலாம். ஒருநாளும் பிழைக்காத கை அன்று ஏன் பிழைத்தது? அவன் எந்தப் பக்கத்தால் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றான்.

மகாதேவியின் தங்கை நாகேஸ்வரியைக் கேட்டான். "அக்கா அண்டைக்குப் பூசேல்லை அத்தான். நான்தானே முதுகு தேய்ச்சுவிட்டனான்," என்று அவள் உறுதியாகச் சொன்னாள். அடுத்த நாள் தானாகவே வந்து கதவடியில் நின்றாள். "அது முந்தின வெள்ளியோ தெரியேல்லை அத்தான். ரெண்டையும் குழப்பிப்போட்டன்."

நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியாரிடம் போனான். செங்கமாரி முதலில் கண்ணிலும் நகத்திலும்தான் காட்டும், தோலுக்குப் பிறகுதான் வரும் என்று அவர் சொன்னார். அப்போது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியை வைத்துத் தட்டில் கண்ணைத் தேடினான். கண் வெள்ளை தெரியவில்லை. மகாதேவி இமையைத் தாழ்த்தி, கமராவுக்குக் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மூடியைச் சரியாகத் திறக்கிறானா என்று அவனுடைய கையைத்தான் பார்த்திருப்பாள்.

பூசணிக்காயை வைத்துச் செய்த பரீட்சையைத் திருப்பிச் செய்துபார்க்கலாம் என்று பட்டது. அதே வேம்பின் கீழே, அதே வெயிலில் நாகேஸ்வரியை ஒருதரம் மஞ்சளோடும் ஒருதரம் மஞ்சளில்லாமலும் இருத்தி எடுத்தால், இந்தக் கறுப்பு மஞ்சளின் கறுப்புத்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அக்காவும் தங்கையும் ஒரே நிறம். கேட்டபோது நாகேஸ்வரி ஓமென்றாள். மாமனார் எழும்பிவிட்டார்.

"செத்தவீட்டுத் துடக்குக் கழியாத வீட்டிலை குமர்ப்பிள்ளைக்கு மஞ்சள் பூசி இருத்தப் போறீரோ? அந்தியேட்டி முடியிறதுக்கு முந்தியே ஊர் உங்கள் ரெண்டு பேருக்கும் கலியாணம் பேசிப்போடும், தம்பி."

தியாகலிங்கம் அப்படி ஒன்றை நினைத்தவனே இல்லை. நாகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அன்று தொடங்கி அவள் அவனுக்கு நேரே வந்து கதைக்கவில்லை. அந்தியேட்டி முடிந்து மஞ்சள் பூசலாம் என்று வந்தபோது மாரி மழை தொடங்கிவிட்டது. வேம்பின் கீழே அந்த ஆவணி வெயில் இல்லை. பிறகு அவன் அதைக் கேட்கவும் இல்லை.

அந்தியேட்டிக்கு முந்தின கிழமை அச்சுக்கூடத்திலிருந்து இரண்டு தரம் ஆள் விட்டுக் கேட்டார்கள். பாட்டெல்லாம் அச்சுக் கோத்தாயிற்று, படம் மட்டும் வரவேண்டும் என்றார்கள். தியாகலிங்கம் யன்னலடியில் தட்டைச் சாய்த்து வைத்து, மெருகு பூசிக் காயவிட்டு, பென்சிலைக் கூராக்கி வேலையைத் தொடங்கினான். நெற்றி நல்லபடியாக வந்தது. புருவத்தடிக்கு வந்தபோது ஒரு படம் போட்டுப் பார்த்தான்; மாமனார் பின்னால் வந்து நின்று, இப்போது கொஞ்சம் பிள்ளை மாதிரி இருக்கிறது என்றார். அதைக் கேட்டதும் அவனுக்கு ஒன்றும் விளங்காமல் போயிற்று. பிள்ளை மாதிரி எது, வெளுத்த இடமா வெளுக்காத இடமா என்று திரும்பி அவரிடமே கேட்டான். மாமனார் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்; தியாகலிங்கம் பென்சிலைப் பெட்டிக்குள் போட்டான்.

கல்வெட்டு படமில்லாமல் வெளிவந்தது. தட்டு இப்போதும் பெட்டிக்குள் இருக்கிறது. அதில் மகாதேவியின் புருவத்துக்கு மேலே மட்டும் பென்சில் பட்டிருக்கிறது; அதற்குக் கீழே தொடவில்லை.