இரண்டு கோட்டுக்காரர்

வாழ்க்கையில் எனக்காக முதன்முதலில் எழுந்து நின்ற ஆள் என் மாமா. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கடற்படைப் பயிற்சி தரும் சிறுவர் கடெற் குழுவில் சேர்ந்து, அவர்கள் கொடுத்த நேவி உடுப்பைப் போட்டுக்கொண்டு, காட்டுவதற்காகப் பேஸ்மென்டுக்கு இறங்கிப் போனேன். சோபாவில் தேத்தண்ணியோடு இருந்தவர் படக்கென்று எழும்பினார். வலது கை சட்டைப்பைக்குப் போய் அங்கேயே நின்றது. பாவம், சல்யூட் அடிக்கத் தெரியவில்லையாக்கும் என்று நானே அவருக்கு ஒன்று அடித்தேன். மாமா சிரிக்கப் பார்த்தார்.

அவர் அம்மாவின் தம்பி. ஊரை விட்டு வந்து, வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்டில் இருந்துகொண்டு ஒரு பேக்கரியில் வேலை செய்தார். வாயைத் திறப்பது அபூர்வம். ஆனால் கடற்படைப் பதவிகளைப் பாடமாக்கச் சொல்லிக் குழுவில் கொடுத்த தாளோடு நான் முழித்துக்கொண்டிருந்தபோது, எட்டிப் பார்த்துவிட்டு மளமளவென்று சொன்னார்.

"கையில ஒரு நங்கூரமெண்டால் லீடிங் சீமன். தோளில ஒரு கோடெண்டால் புதுசு, சும்மா கத்துவான். ரெண்டு கோடு லெப்டினன்ட். அவர்தான் முடிவெடுக்கிறவர். அவரோட கதைக்கேக்க கண்ணைப் பார்க்கப்படாது."

கடைசி வசனம் தாளில் இல்லை. ஒழுக்கம் பற்றியதாக்கும் என்று அதையும் எழுதிக்கொண்டேன். பாண் சுடுகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எனக்கு ஆவல் தாங்கவில்லை.

"நேவியோட எத்தினை வருசம் மாமா?"

"பதினொரு வருசம். விடியவும் பின்னேரமும்."

அம்மாவைப் போல டபுள் ஷிப்ட் என்று விளங்கிக்கொண்டேன்.

அடுத்த கிழமையே, என் மாமா பதினொரு வருடம் நேவியில் இருந்தவர் என்று குழு முழுவதும் அளந்துவிட்டேன். ஒருவரும் நம்பவில்லை. எங்கள் லெப்டினன்ட் மட்டும், அப்படியானால் ஆண்டுவிழாவுக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா என்றார். இப்போது மாமா வந்தே ஆகவேண்டும். வராவிட்டால் நான் புளுகி என்று பெயர் நிலைத்துவிடும்.

"நான் என்னத்துக்குப் பிள்ளை?" என்று மூன்று நாள் மறுத்தார். நான் அழுதேன். அழுதால் வருவார் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு விழாவன்று வேலை. இருந்திருந்தால் என் கதை வாசலிலேயே கவிழ்ந்திருக்கும்.

பள்ளிக்கூட ஜிம்மில் அணிவகுப்பு முடிந்ததும், லெப்டினன்ட் கூட்டத்தைக் கடந்து நேரே எங்களிடம் வந்தார். பெரிய மனிதர், பெரிய சிரிப்பு, தோளில் இரண்டு கோடு. என்னைக் கேலி செய்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மாமாவை நோக்கிக் கையை நீட்டினார்.

மாமா நிலத்தைப் பார்த்தபடி சட்டைப்பையில் கைவிட்டு, தன் டிரைவிங் லைசன்ஸை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

லெப்டினன்ட் ஒரு கணம் திகைத்தார். பிறகு பகிடி என்று எண்ணி வாய்விட்டுச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனாலும் நானும் சிரித்தேன். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஊரில் மாமா மீன் பிடித்தவர் என்பதும், வள்ளம் இறக்க முன்னரும் கரையேறிய பின்னரும் நேவிக்காரரிடம் பாஸும் அடையாள அட்டையும் நீட்டிவிட்டு நிற்கவேண்டும் என்பதும், அவர் சொன்ன விடியலும் பின்னேரமும் அவைதான் என்பதும் பல வருடங்கள் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

லெப்டினன்ட் லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்தார். மாமா அதை இரண்டு கையாலும் வாங்கினார். ஆனாலும் அசையவில்லை.

"போகலாமோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இப்பவேவா? இன்னும் கேக் வெட்டேல்லை மாமா" என்றேன், அவர் என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து.