பிள்ளை கதறும்போது போட்ட ‘ஆமென்’

அந்த ‘ஆமென்’னை நான் ஏன் போட்டேன்? இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் சபைப் பெண்கள் வீட்டிலிருந்தே ஆளுக்கு அரைமணி நேரம் சங்கிலி ஜெபம் செய்வோம். முடித்தவர் வாட்ஸ்அப் குழுவில் ‘ஆமென்’ போட்டால் அடுத்தவர் தொடங்குவார். அன்று என் முறை. அறைக்கதவைச் சாத்தி முழங்காலிட்டேன். வெளியே இரண்டு வயது மகள் வீறிட்டாள். ஜெபத்தைக் கலைக்க வந்த சோதனை என்று நினைத்து இன்னும் சத்தமாக ஜெபித்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து அறைக்கதவைத் தட்டினார். “ஏத்தா, புள்ள சுடுகஞ்சியக் கையில கொட்டிக்கிருச்சு! ஒஞ்சாமி செத்த நேரம் பொறுக்காதா?”

குழாயடியில் மகளின் கையைப் பிடித்திருந்தபோது குழுத் தலைவி போனில் கேட்டார்: “சிஸ்டர், இன்னும் ஆமென் வரலையே?” பிள்ளை கதறக் கதற மறுகையால் குழுவில் ‘ஆமென்’ போட்டேன்.

தலைவிமேல் ஆத்திரம், அதைவிட என்மேல். புண் ஆறிய பிறகும் முழங்காலிட்டால் எரிச்சல்தான் வருகிறது. சிறுபிள்ளைகளோடு ஜெபிக்கும் தாய்மார்களே, நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.