கோயில் சில்லின் முதுகில் ஒரு புள்ளி

எண்ணிக்கை குறைந்தாலும் திட்டு, கூடினாலும் திட்டு. பைண்டிங் செக்‌ஷன் என்றால் அவ்வளவுதான். புதுச்சேரியில் ஒரு சின்ன அச்சகத்தில் அந்த செக்‌ஷனுக்கு நான் பொறுப்பேற்று மூன்று மாதம்கூட ஆகாதபோது நடந்தது இது. எண்பதுகளின் தொடக்கம்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் ஆர்டர் கொண்டுவந்தார். தமிழர்தான், ரெட்டியார்பாளையத்தில் வீடு. எல்லோரும் முசே என்போம், பிரெஞ்சில் ஐயா மாதிரி. மெக்சிகோ பக்கம் மாயா என்று ஒரு பழைய ஜனம் காட்டுக்குள் கல்லால் நகரம் கட்டி வாழ்ந்ததாம். அந்த நகரங்களைக் கட்டுகிற ஆட்டம் ஒன்றை மூன்று வருஷம் யோசித்து உருவாக்கியிருந்தார். பெட்டிக்கு ஒரு போர்டு, எழுபத்திரண்டு அட்டைச் சில்லு. சோளக்கொல்லை, குளம், வறட்சி என்று படங்கள். படிக்கட்டுக் கோயில் மட்டும் பன்னிரண்டு. மொத்தம் முந்நூறு பெட்டி, பிரான்சில் இருக்கும் மகளுக்குக் கப்பலில் போக வேண்டும். மெட்ராஸ் துறைமுகத்துக்கு லாரியும் சொல்லியாயிற்று.

சாம்பிள் பெட்டியில் இரண்டு கோயில் குறைந்துபோய், முதலாளி எல்லோர் முன்பும் என்னைக் கிழி கிழியென்று கிழித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கோயில் சில்லின் முதுகில் மட்டும் தீக்குச்சி முனையால் ஒரு சிவப்பு மைப் புள்ளி வைக்கச் சொன்னேன். கவிழ்ந்து கிடந்தாலும் பன்னிரண்டு இருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அதன் பிறகு ஒரு பெட்டியிலும் குறையவில்லை. முதலாளியே கெட்டிக்காரி என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

லாரிக்கு முந்தின நாள் காலை முசே வந்து, முதலாளியை உட்கார வைத்து ஆடிக் காட்டினார். சில்லுகளைக் கவிழ்த்துக் கலைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வரப்போவது கோயிலா வறட்சியா என்று தெரியக்கூடாது. ஆட்டமே அதில்தான் இருக்கிறது. தாயத்தைத் தவிர வேறெதுவும் ஆடியறியாத முதலாளி கோயில் மேல் கோயிலாகக் கட்டினார். முசேவுக்கு வறட்சி மேல் வறட்சி.

முசே ஒரு சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்தப் புள்ளி எதுக்கு?”

முதலாளி கூரையைப் பார்த்தார். அந்த ஆட்டத்தை எப்படி ஆடுவார்கள் என்று அன்றைக்குத்தான் நானே பார்க்கிறேன். வேலை போச்சு என்று நினைத்தேன்.

“நான்தான் முசே வெக்கச் சொன்னேன். எண்ணுறதுக்கு. ஆட்டம் இப்படின்னு தெரியாது.”

அவர் திட்டவில்லை. நகத்தால் அந்தப் புள்ளியைச் சுரண்டிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மையைச் சுரண்டினால் அட்டை பிய்ந்துவிடும். புதிதாக அடிக்க நாளில்லை. அழிக்க முடியாது, முடியவே முடியாது என்று மனசு அடித்துக்கொள்ளும்போதே வாயில் வந்துவிட்டது.

“எல்லாத்துக்கும் வெச்சிட்டா? எழுபத்திரண்டுக்கும் புள்ளி இருந்தா எது கோயில்னு எங்களுக்கே தெரியாது.”

முசே என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அதே மை, அதே அளவு தீக்குச்சி. முதலாளி, முசே, மெஷின்மேன் எல்லோரும் தரையில் உட்கார்ந்து புள்ளி வைத்தோம். பொழுது சாய்வதற்குள் முடிந்தது. விரலெல்லாம் சிவப்போடு வீட்டுக்குப் போய், நிம்மதியில் அழுதேன்.

சில மாதம் கழித்து முசே, மகள் எழுதிய ஒரு கடிதத்தோடு வந்தார். அந்தச் சிவப்புப் புள்ளி மாயாக்காரர்களின் சூரியனா என்று அங்கே கேட்கிறார்களாம். ஆமாம் என்று எழுதிவிட்டாராம்.

அன்றிலிருந்து எந்த வேலை வந்தாலும், எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், இதை வாங்குகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டுவிடுகிறேன். நீங்களும் கேளுங்கள். எல்லாத் தப்புக்கும் மேலே புள்ளி வைத்துத் தப்பிக்க முடியாது.