காப்பி நிற ரத்தம்

ஏனாத்தூரில் மழை விட்ட மறுநாள் என் ஆடுகள் வேலியோரம் சத்தமில்லாமல் சாய்ந்து கிடந்தன. நாக்கு கருநீலமாகியிருந்தது. சாயத்தண்ணீரைக் குடித்துவிட்டன என்று பக்கத்துச் சாயப்பட்டறை அண்ணனைத் திட்டித் தீர்த்தேன். அவர் போய் மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தார்.

ஊசியில் இழுத்த ரத்தம் காப்பி டிகாஷன் மாதிரி இருந்தது.

"சாயம் இல்லம்மா. யூரியா போட்ட இளஞ்சோளத்த மேஞ்சிருக்குது. அதுல நைட்ரேட் விஷம் ஏறிக்கினு இருக்கும். அதான் ரத்தம் இந்த நிறம்," என்றார் டாக்டர்.

யூரியாவை அள்ளி வீசியது நான்தான். என் கொல்லைதான்.

விஷத்தை முறிக்க டாக்டர் நீல மருந்து ஏற்றியதில் ஒரே ஒரு ஆடு பிழைத்தது. சாயங்காலம் அது நீலமாக மூத்திரம் பெய்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த நீலத்துக்கும் என் தொட்டியத்தான் சொல்லப்போறியாம்மா?"

செத்த ஆடுகளுக்குப் பின்னால், என் சோளம் முன்னெப்போதும் இல்லாத பச்சையில் அசைந்துகொண்டிருந்தது. இன்றும் அப்படியொரு பச்சையைப் பார்த்தால் ஆட்டுக் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன்.