காந்தம் சாய்ந்த இடம்

மேசை இழுப்பறையில் நூல் கட்டிய லாடக் காந்தம் ஒன்று கிடக்கிறது. வயரிங் வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகியும் அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. பாசம் என்று சொன்னால் பொய். சுவருக்குள் இரும்புக் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாதபோது, நூலைப் பிடித்து அதைச் சுவரோரம் மெல்ல நகர்த்துவோம். குழாய் இருக்கும் இடத்தில் காந்தம் சுவர்ப் பக்கம் சாயும். இந்த யுக்தி அக்காவின் கணவருடையது. என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். நான் மாமா என்பேன், அவர் என்னை மச்சான் என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் இருவரும் கூட்டாக வேலை எடுத்தோம். சுவர்மேல் மரச்சட்டம் அடித்து வயர் ஓட்டியது போய், வயர் கண்ணிலேயே படக்கூடாது என்று புது வீட்டுக்காரர்கள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். சுவரைக் கொத்திக் குழாய் பதித்துப் பூசி மூடுவோம். பிறகு குழாய்க்குள் கம்பியை விட்டு, அதன் முனையில் வயரைக் கட்டி இழுப்போம். வளைவில் சிக்கினால் மாமா அக்காவின் முகப் பவுடரைத் தடவுவார், வயர் வழுக்கிக்கொண்டு வரும். "என் பவுடரெல்லாம் ஊரு சொவத்துக்குள்ள போவுது, என் மூஞ்சிக்கு எங்க?" என்பாள் அக்கா. மாமா கெட்டிக்காரர்தான், ஆனால் ஒரு குணம் உண்டு. ஸ்விட்சிலிருந்து குழாய் நேர் மேலே ஏறி, கூரையோரம் திரும்ப வேண்டும் என்பது முறை. அவர் குறுக்காக இழுத்துவிடுவார். குழாயும் மிச்சம், கொத்துகிற நேரமும் மிச்சம். நானும் வாயை மூடிக்கொண்டு பூசினேன்.

அப்படிப் பூசிய ஒரு வீட்டில் அலமாரி மாட்ட வந்த தச்சர், ஸ்விட்சுக்கு நேர் மேலே இல்லையே, இங்கே குழாய் இருக்காது என்று நம்பி உளியை வைத்து அடித்தார். மெல்லிய குழாய். உளி வயர்வரை போய்விட்டது. உயிர் தப்பினார், ஆனால் வலது கையில் இரண்டு விரல்கள் அதன்பிறகு மடங்கவே இல்லை. தச்சரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, "நம்ம தப்பு மாமா" என்றேன். "சும்னே இரு மச்சான். கேக்காம உளி வெச்சது அவன் தப்பு" என்றார். அன்றோடு கூட்டு முறிந்தது. சாமான்களைப் பிரித்ததில் காந்தம் என்னிடம் வந்தது. ஜோகுபாளையத்தில் இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு ஏழு வருஷம் நாங்கள் பேசவில்லை. அக்காதான் என் வீட்டுக்கு வந்து போவாள். கோபத்தைச் சுமப்பதும் கூலியில்லாத வேலைதான். நினைத்தால் இப்போதும் அலுப்பாக இருக்கிறது.

மாமா காய்ச்சலில் போனார். காரியமெல்லாம் முடிந்து, அவர் படத்தை மாட்ட அக்கா என்னைக் கூப்பிட்டாள். கூடத்து ஸ்விட்சுக்கு நேர் மேலே இடம் காட்டினாள். வேலை விட்டு வந்ததும் அங்கே நின்றுதான் விளக்குப் போடுவாராம். சண்டைக்குப் பிறகு கட்டிய வீடு, வயரிங் எல்லாம் அவரே தனியாகச் செய்தது. எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் குழாய் குறுக்கேதான் போயிருக்கும், நேர் மேலே பயமில்லை என்று மெயினைக்கூட அணைக்காமல் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கிவிட்டேன். ஏனோ கை நின்றது. பையிலிருந்து காந்தத்தை எடுத்துத் தொங்கவிட்டேன்.

ஆணி வைத்த இடத்திலேயே சாய்ந்தது. மேலே நகர்த்தினேன், அங்கும் சாய்ந்தது. கூரைவரை நேராகப் போய், அங்கே திரும்பியது குழாய். அவர் இவ்வளவு நேராகக் குழாய் போட்டு நான் பார்த்ததே இல்லை. முக்காலியிலிருந்து இறங்கி உட்கார்ந்துவிட்டேன்.

"என்னடா ஆச்சு?" என்றாள் அக்கா.

"இங்க ஆணி அடிக்கக் கூடாதுக்கா. பைப்பு இருக்குது."

"அதான் உன்னக் கூப்புட்டேன். சொவத்துல எது அடிக்கறதுன்னாலும் மச்சானக் கேக்காம அடிக்காதன்னு சொல்லி வெச்சிருந்தாரு."

படத்தைப் பக்கத்துச் சுவரில் மாட்டிவிட்டு வந்தேன். இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் இந்தக் காந்தம் கையில் தட்டுப்படுகிறது. அந்த ஏழு வருஷத்தில் ஒரே ஒரு நாள் இதைக் கொண்டுபோய் அந்தச் சுவரோரம் தொங்கவிட்டிருந்தால் போதும். நான் அந்த வீட்டு வாசலையே மிதிக்கவில்லை.