ரோட்டுல விரிச்ச சேலை

கோமதித் தாயை நம்பினவங்களுக்கு எழுதுதேன். எழுத்து எனக்கு அவ்வளவா வராது. நடந்ததை மட்டும் சொல்லுதேன்.

போன வருசம் ஆனி மாசம். சங்கரன்கோவில்ல எங்க தறி நின்னு போற நிலைமை. இத்தனை வருசமா எங்க சேலையை ஒரு தரகர்தான் சென்னைக் கடைகளுக்கு வித்தார். எங்களுக்கு அடிமாட்டு விலை. என் வீட்டுக்காரர் தவறின பிறகு அதையும் குறைச்சார். பக்கத்துத் தறி செல்லையாண்ணனும் நானும் முடிவு எடுத்தோம். சென்னையில ஒரு ஹால் பிடிச்சு, கடைக்காரங்களைக் கூப்பிட்டு, நாமளே சேலையைக் காட்டணும். இதுவும் விழுந்தா தறியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.

போய் இடம் பார்த்தோம். ஒண்ணு ரொம்ப தூரம். ஒண்ணுல வண்டி நிறுத்த இடமில்ல. கடைசியா ஜவுளிக் கடைகளுக்குப் பக்கத்துல ஒரு ஹோட்டல். கீழ்த்தளத்துல ஏசி ஹால், கம்பளம், மஞ்சள் விளக்கு. கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு. பேசி முடிச்சு, கடைக்காரங்களுக்கும் நாள் சொல்லிட்டு வந்தோம்.

தரகர் காதுக்கு விசயம் போச்சு. கூடக் காசு கொடுத்து, அதே நாளுக்கு அதே ஹாலைத் தட்டிப் பறிச்சுட்டார். கேக்கப் போனேன். டீக்கடையில எல்லாரும் பார்க்கச் சிரிச்சார்.

“தறிக்காரிக்கு ஏசி கேக்குதோ? போயி ரோட்டுல விரிச்சு வையி, ஏட்டி.”

நேரா கோமதியம்மன் கோயிலுக்குப் போனேன். அம்மன் முன்னால, குறை உள்ளவங்க உக்காந்து வேண்டிக்கிடுற சக்கரக் குழியில உக்காந்தேன். அழுகை வரல.

“தாயே, எனக்கு நல்லது செய்யாட்டாலும் பரவாயில்ல. இந்தச் சொல்லு அவனுக்கே திரும்பணும். நான் கண்ணால பார்க்கணும்.”

வேற எதுவும் கேக்கல.

ஹோட்டலுக்கு எதிர்ல ஒரு சங்கக் கட்டடத்தோட மொட்டை மாடிதான் கிடைச்சுது. பாதிக்குக் கீத்துப் பந்தல், மீதி வெயில்.

“சேலையோட நாமளும் காய வேண்டியதுதான்”னார் செல்லையாண்ணன்.

அன்னைக்குக் கடைக்காரங்க எல்லாரும் ஏசிக்குத்தான் போனாங்க. எங்க மாடியில ஈ கூட இல்ல. நான் சுவரைப் பிடிச்சுக்கிட்டுக் கீழயே பார்த்துக்கிட்டு நின்னேன்.

கொஞ்ச நேரத்துல ஒரு கடைக்காரர் சேலையோட வெளிய வந்தார். “அந்த விளக்குல பச்சையும் நீலமும் ஒண்ணாத் தெரியுது. வெயில்ல காட்டுங்க”ன்னு சத்தம் போட்டார். பின்னாலயே மத்தவங்க.

தரகர் வேர்த்து வடிய ரோட்டோரத்துல குனிஞ்சு சேலையை விரிச்சார். ஒரு பஸ் புழுதியை அள்ளிப் போட்டுட்டுப் போச்சு.

கண் கொட்டாமப் பார்த்தேன்.

செல்லையாண்ணன் கையைத் தட்டினார். “மேல வாங்கய்யா, வெயில் இங்கன நிறைய கிடக்கு!”

ஏறி வந்தாங்க. விரிச்சுப் பார்த்தாங்க. ஆர்டர் கொடுத்தாங்க. கடைசியா தரகரும் வந்தார். குரல் இறங்கியிருந்துச்சு.

“எம்மா, என் சேலையையும் ஒரு ஓரத்துல விரிச்சுக்கிடட்டுமா?”

“ரோடு அகலமாத்தான இருக்கு, அண்ணாச்சி.”

அந்த ஹாலுக்கு முதல்ல ஆசைப்பட்டது நாங்கதான். கிடைச்சிருந்தா புழுதியில நின்னிருக்கிறது நான். அம்மன் அதையும் பார்த்துக்கிட்டா.

இப்ப கடைக்காரங்க நேரா எங்கிட்டதான் பேசுதாங்க. தறி ஓடுது. அவர் வாசல்ல நான் நிக்கதில்ல. ஆடித் தபசுத் திருவிழா அன்னைக்கு மடி நிறையப் பருத்தி கொண்டுபோய் அம்மனுக்கு வாரி இறைச்சுச் சூறை விட்டேன்.

மன்னிச்சிரலாமேன்னு சிலர் சொல்லுதாங்க. அம்மன் எங்கிட்ட அதைக் கேக்கல.

உங்களையும் யாராவது அப்படிப் பேசியிருந்தா திருப்பிப் பேசாதீங்க. போய் அந்தக் குழியில உக்காருங்க. அந்தச் சொல்லை அப்படியே அவகிட்ட கொடுங்க. அவ கொண்டுபோய்ச் சேர்ப்பா.