கறுப்புக் கோழிக்குப் பிறந்த வெள்ளைக் குஞ்சுகள்

என் அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. இடைப்பட்ட நேரமெல்லாம் கோழிகளுக்குத்தான். வீட்டுக்குப் பின்னால் மேலேயும் வலை அடித்த நாலு கூண்டுகள். அலகு முதல் நகம் வரை கறுப்பான ஒரே இனம். பதினாலு வருஷமாக வேறு கோழி அந்த வாசலைத் தாண்டியதில்லை. "எனக்குக் காய்ச்சல்னா மாத்திரையை நானே தேடணும். கோழி தும்மினா டாக்டர் வீட்டுக்கே வருவார்" என்று அத்தான் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

இந்த இனம் வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. சங்கம் கொடுக்கும் எண் போட்ட வளையம் காலில் இருந்தால்தான் அது சுத்த இனம், கண்காட்சிக்குள் நுழையலாம். வளையம் இல்லாவிட்டால் வெறும் கறிக்கோழி. அக்காவின் பதினாலு வருஷமும் அந்த வளையத்தில்தான் இருந்தது.

போன வருஷம் சங்கத் தலைவரிடம் ஒரு சேவல் வாங்கினாள். அவர் சேவலைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று பேர். அதைத் தன் பெட்டைகளிலேயே நல்ல பெட்டையோடு சேர்த்தாள். பன்னிரண்டு முட்டை பொரிந்தன. பத்து கறுப்பு. இரண்டு வெண்ணெய் நிறத்தில், பஞ்சு உருண்டையாக வந்து நின்றன.

சங்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வழக்கம் ஒன்று இருக்கிறது. பொரிக்கும் நாள் காலையில் இன்குபேட்டர் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருப்பார்கள். நிறம் தப்பிய குஞ்சு அதில் போகும். பதிவேட்டில் 'பொரியாத முட்டை' என்று எழுதிவிடுவார்கள். அக்காவும் அரசல்புரசலாகக் கேள்விப்பட்டிருந்தாள், நம்பத்தான் இல்லை. அசட்டுத் துணிச்சலில் இரண்டு குஞ்சையும் செருப்புப் பெட்டியில் வைத்து, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு, மாதக் கூட்டத்துக்குப் போனாள்.

"இது எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்" என்றாள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

தலைவர் பெட்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வலையில ஓட்டை இருந்திருக்கும்மா. தெருச் சேவல் புகுந்திருக்கும்."

"ஓட்டையெல்லாம் இல்லீங்க. மேலயும் வலை இருக்கு."

"அப்ப உன் கோழி வெளிய போயிட்டு வந்திருக்கும்."

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஏனென்றால் எங்கள் வீட்டுக்கு அது பழைய சிரிப்பு. அக்காவுக்குப் பூனைக்கண். அப்பாவுக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை. "இவ யாரை மாதிரிடி?" என்று என் அத்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள். அம்மா சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். அப்பாவை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கோழியானாலும் பொம்பளையானாலும் வசவு வாங்குவது ஒரே பக்கம்தான்.

மறுநாளே கால்நடை டாக்டரிடம் போனோம். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"வெள்ளை உள்ளுக்குள்ளயே பதுங்கி இருக்கிற குணம்மா. கூட கறுப்பு இருந்தா வெளிய தெரியாது. தாய்கிட்டேருந்து ஒண்ணு, தகப்பன்கிட்டேருந்து ஒண்ணு, ரெண்டும் வந்து சேர்ந்தாத்தான் குஞ்சு வெள்ளையாகும். தெருச் சேவலெல்லாம் தேவையே இல்ல."

"அப்ப சேவல்கிட்டயும் இருக்கா?"

"இல்லாம எப்படி வரும்?"

அதை அப்படியே எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த கூட்டத்தில் அக்கா அந்தக் கடிதத்தை நின்றுகொண்டே படித்தாள். "என் கோழிகிட்ட இருக்கு, ஒத்துக்கறேன். உங்க சேவல்கிட்டயும் இருக்குங்க" என்று தலைவரைப் பார்த்துச் சொன்னாள்.

கூடத்தில் இருந்த இருபது பேரும் தரையைப் பார்த்தார்கள். நிஜமாகவே தெரியாதவன் என்றால் இப்படி ஒரு விஷயத்தைக் கேட்டதும் நாலு கேள்வி கேட்பான். ஒருத்தரும் கேட்கவில்லை. அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது!

"இருபது வருஷத்துல என் வீட்டுல ஒரு வெள்ளைக் குஞ்சு வளர்ந்ததில்ல" என்றார் தலைவர். வளர்ந்திருக்காதுதான். வளர விட்டால்தானே? இப்படிச் சொல்ல அவருக்கு நாக்கு கூசவில்லை. கலப்படம் செய்தவரை நீக்க வேண்டும் என்று கை தூக்கச் சொன்னார். தூங்கிக்கொண்டிருந்த பொருளாளரைத் தவிர எல்லாரும் தூக்கினார்கள். முதலில் தூக்கியவர் முன்வரிசையில் இருந்த போட்டோ ஸ்டூடியோக்காரர்.

சங்கத்தை விட்டு நீக்கினால் வளையமும் போய்விடும். முப்பத்தியொரு கோழிகள். நான் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ள, அக்கா இடுக்கியால் வளையங்களை வெட்டி எடுத்தாள். நான்தான் தலைவரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். "கத்தாதே, கோழி மிரளுது" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து, காலை நடை முடிந்து அக்கா வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது, ஸ்டூடியோக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே பொரிந்து ஒரு நாளான வெள்ளைக் குஞ்சு ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

"எம் பொண்ணு பார்த்துட்டா. அதனால..." என்று இழுத்தார். "நீங்க வெச்சுக்குவீங்கன்னு..."

அக்கா குழாயை மூடினாள். "இது எத்தனாவது?"

அவர் தெருவை முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு வாயைத் திறக்காமலே, பெட்டியை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையின் ஐந்து விரலையும் விரித்தார். மடக்கினார். மறுபடி ஐந்தையும் விரித்தார். இன்னொரு முறை நாலு.

"இதே கையைத்தானே அன்னைக்கும் தூக்கினீங்க?" என்றாள் அக்கா.

அவரால் அந்தக் கையை இறக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை. அக்கா பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்க வெகுநேரம் ஆயிற்று.